நல்ல முறையில் இயங்கி வருகிறது

செப்டம்பர் 8, திங்கள்

இன்று முற்பகலில் எங்கள் பேரூராட்சி மன்றம் கூடி, ஆழ்ந்த விவாதத்துக்குப் பிறகு, ஊரின் வரலாற்றையே திருப்பிப் போடக்கூடிய முடிவு ஒன்றை எடுத்தது. வாசற்படி ஓரம் இருக்கும் புகார்ப் பெட்டி இனிமேல் தலைவர் அறைக்குள் இருக்கும். மழைச்சாரலில் புகார்கள் நனைந்து எழுத்து அழிந்துவிடுகிறதாம். மக்களின் குரல் மங்கிப் போவதை இந்த மன்றம் ஒருபோதும் பொறுக்காது என்று ஓர் உறுப்பினர் உருகிப் பேசினார். மேசைகள் தட்டப்பட்டன.

தலைவர் பாக்கியம் அம்மாள் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சாவி யாருட்ட இருக்கும்?"

"எங்கிட்டத்தேன்," என்றார் அவர் கணவர் விஜய்ராஜ். விஜய்ராஜ் மன்ற உறுப்பினரும் அல்ல, அலுவலரும் அல்ல. தலைவர் நாற்காலிக்கு வலப்பக்கம் இன்னொரு நாற்காலி கிடக்கிறது, அதில் உட்காருபவர். அந்த நாற்காலி எந்தச் சட்டத்தில் வருகிறது என்று தலைமை எழுத்தராகிய நான் தேடிப் பார்த்திருக்கிறேன். அகப்படவில்லை.

பெட்டிக்கு இத்தனை பேச்சு. அடுத்த பொருள், காலனிக் குடிநீர்த் திட்டத்துக்கு வாங்கிய புது மோட்டார். விவாதமின்றி ஏற்கப்பட்டது.

பேரூராட்சியின் பெயரை நான் இந்த நாட்குறிப்பிலும் எழுதப்போவதில்லை. பேருந்து நிலையத்தில் ஆளுயர எழுத்தில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அலுவலக ரகசியம் என்று ஒன்று உண்டு.

செப்டம்பர் 11, வியாழன்

மோட்டாரைப் பற்றி எழுதிவிடுகிறேன். ஆற்றங்கரை உறைகிணற்றிலிருந்து காலனியின் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டிய மோட்டார் அது. லாரியில் வந்து இறங்கியதை நான் பார்த்தேன். அதே லாரி அதை மறுபடி ஏற்றிக்கொண்டு காமயகவுண்டன்பட்டிச் சாலையில் போனதை ஊரே பார்த்தது. அந்தச் சாலையில்தான் விஜய்ராஜின் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. காலனித் தொட்டி காய்ந்து கிடக்கிறது. எப்போதாவது லாரித் தண்ணீர். திராட்சை நன்றாக இருக்கிறது.

இது டீக்கடைக்குத் தெரியும், சலூனுக்குத் தெரியும், குமுளி பஸ் கண்டக்டருக்குத் தெரியும். தெரியாத ஒரே இடம் எங்கள் அலுவலகம். தெரியாமல் இருப்பதற்குத்தானே எங்களுக்குச் சம்பளம்.

இந்த ஒழுங்குக்கு இடைஞ்சல் ஒருவர் மட்டும். இளநிலைப் பொறியாளர் இவாஞ்சலின். மோட்டார் பொருத்தப்பட்டது என்ற சான்றிதழில் அவர் கையெழுத்து வேண்டும். போட மறுக்கிறார். செயல் அலுவலர் எபனேசர் இன்று அவரைக் கூப்பிட்டார். எபனேசர் போடியில் ஜவுளிக்கடைக் குடும்பம். எதைச் சொன்னாலும் துணியை விரித்துக் காட்டுகிற குரலில்தான் சொல்வார்.

"உங்க தகுதிகாண் பருவம் நவம்பர்ல முடியுது. ரிப்போர்ட் எழுதப் போறது நான். ஒரே ஒரு கையெழுத்துதானம்மா?"

"மோட்டாரக் காட்டுங்க சார், போட்டுர்றேன்."

"எல்லாத்தையும் பார்த்தாத்தான் நம்பணுமா? கர்த்தரப் பார்த்துட்டா விசுவாசிக்கிறோம்?"

"கர்த்தருக்கு நான் சர்டிபிகேட் குடுக்கலயே சார்."

முப்பது வயதுகூட ஆகாத பெண். அப்பா இல்லை. உத்தமபாளையத்தில் அம்மாவும் கல்லூரியில் படிக்கிற தம்பியும் இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். துணிச்சலுக்குத் தோதான குடும்பச் சூழ்நிலை அல்ல.

செப்டம்பர் 15, திங்கள்

காலனியைச் சேர்ந்த பூமாரி தகவல் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுத்திருக்கிறார். திராட்சைப் பெட்டி அடுக்கும் கூடத்தில் வேலை பார்ப்பவர். ஒரே கேள்வி: காலனிக் குடிநீர்த் திட்டத்துக்கு வாங்கிய மோட்டார் இப்போது இயங்குகிறதா?

எங்கள் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலர் நான்தான். தகவல் கொடுக்க ஒருவர் வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கொடுக்காமலிருக்கத் தெரிந்தவராகப் பார்த்து அலுவலகம் நியமித்துக்கொள்கிறது.

செப்டம்பர் 19, வெள்ளி

சட்டம் ஒரு மாத அவகாசம் தருகிறது. நான் இந்த வாரமே பதில் எழுதிவிட்டேன். எழுதும்போது அத்தனை இன்பமாக இருந்தது.

"தங்கள் மனுவில் குறிப்பிடப்பட்டுள்ள மோட்டார் தற்போது நல்ல முறையில் இயங்கி வருகிறது."

ஒரு சொல் பொய்யில்லை. மோட்டார் நன்றாகவே இயங்குகிறது. திராட்சைக் கொடிகளைக் கேட்டால் சொல்லும். எங்கே இயங்குகிறது என்று மனுதாரர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது என் பணி அல்ல.

எபனேசர் படித்துவிட்டு, "பியூட்டிஃபுல், மிஸ்டர் செல்வம்," என்றார். அவரைத்தான் கேலி செய்திருக்கிறேன் என்பது அவருக்குப் புரியவில்லை. விஜய்ராஜுக்கு அதைவிடவும் புரியவில்லை. என் தோளில் தட்டினார். முட்டாள்களுக்கு நடுவில் வேலை பார்ப்பதில் இப்படிச் சில தனிச் சுகங்கள் உண்டு.

வீட்டுக்கு வந்து மனைவி ரீட்டாவிடம் சொன்னேன். பள்ளி விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுல சிரிக்க என்ன இருக்கு? தண்ணி வரல. ஓடுதுன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கீக."

"அது நையாண்டி, ரீட்டா."

"யாருக்கு?"

குழம்பில் உப்புக் குறைவு.

செப்டம்பர் 22, திங்கள்

பூமாரி நேரிலேயே வந்துவிட்டார். என் பதிலை மேசையில் விரித்து வைத்தார்.

"ஓடுதுன்னு எழுதியிருக்கீகளே சார், எங்கன ஓடுது?"

"அதுக்குத் தனியா ஒரு மனு போடணும்மா."

"வாயால சொன்னா வாய் வெந்துருமா?"

"எழுத்து மூலமாத்தான்..."

"காலனில ஓடுனா சத்தமாச்சும் கேக்கணும்ல. நாங்க செவிடா, இல்ல நீங்க குருடா? ஏதாச்சும் ஒண்ணச் சொல்லுங்க, போய்க்கிட்டே இருக்கேன்."

அங்கேயே நின்று இரண்டாவது மனுவை எழுதிக் கொடுத்தார். அதற்கும் பதில் தயார்: மோட்டாரின் இருப்பிடத்தை வெளியிடுவது குடிநீர்க் கட்டமைப்பின் பாதுகாப்பைப் பாதிக்கும், எனவே மறுக்கப்படுகிறது. பாதுகாப்பு உண்மையில் பலம்தான். தோட்டத்தில் இரண்டு ராஜபாளையம் நாய்கள் நிற்கின்றன.

செப்டம்பர் 25, வியாழன்

இவாஞ்சலின் மேலிடத்துக்குப் புகார் எழுதியிருந்திருக்கிறார். இன்றுதான் தெரிந்தது. எப்படியென்றால், அந்தப் புகார் "விளக்கம் அளிக்கவும்" என்ற குறிப்போடு, யார் மேல் புகாரோ அவர்களிடமே வந்து சேர்ந்தது. புகார் தருபவரின் பெயர் பத்திரமாகப் பாதுகாக்கப்படும் என்று மேலிடத்து இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். சொன்ன சொல் தவறவில்லை. பெயர் ஒரு கசங்கல்கூட இல்லாமல் பத்திரமாக வந்திருந்தது.

உறையின் மேல் சிவப்பு மையில் "மிக ரகசியம்". எங்கள் அலுவலகத்தில் அப்படி எழுதாத தபாலை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் காவலாளி வரை படித்தாயிற்று. விஜய்ராஜ் தன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு சத்தமாக வாசித்தார்.

"ஏத்தா இஞ்சினியரு, தமிழு நல்லாத்தேன் எழுதுற. எதுக்கு ஸ்டாம்பு ஒட்டிச் செலவழிக்கிற? பெட்டி இந்தா இங்கனதான இருக்கு, அதுல போட்டிருக்கலாம்ல?"

அறையே சிரித்தது. இவாஞ்சலின் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருந்தேன் என்று பெருமையாகச் சொல்லவும் முடியாது. மேசைக்கடியில் குனிந்து, விழாத பேனாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இவாஞ்சலினுக்கு மெமோ. குற்றச்சாட்டு: அலுவலக ரகசியத்தை வெளியிட்டது. எந்த ரகசியம் என்று மெமோவில் குறிப்பிடவில்லை. குறிப்பிட்டால் வெளியாகிவிடும்.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை விடுமுறை என்பதால் அலுவலகத்தில் ஆயுத பூஜையை இன்றே கொண்டாடினோம். கணினிக்குச் சந்தனம், மின்விசிறிக்குச் சந்தனம், ஜெராக்ஸ் மெஷினுக்கு இரட்டைச் சந்தனம். போன பூஜையிலிருந்து அது வேலை செய்யவில்லை, ஆனால் மரியாதையில் குறை வைப்பதில்லை. எபனேசர் வாசலில் நின்று, தன் விசுவாசத்துக்குப் பங்கம் வராத தூரத்திலிருந்து, பொரிகடலை வாங்கிக்கொண்டார்.

எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தவர் குழாய் ஃபிட்டர் ஒச்சாண்டி. முடிந்ததும் அவசரமாகக் கிளம்பினார். "நாளைக்கு விஜய்ராஜ் அண்ணே தோட்டத்துல மோட்டாரக் கழுவணும் சார். வருசத்துக்கு ஒரு நாளு, நல்லாச் செய்யணும்ல."

அக்டோபர் 3, வெள்ளி

இதை நிதானமாக எழுத வேண்டும். காலையிலிருந்து சிரிப்பு அடங்கவில்லை.

பேருந்து நிலையத்தில் புது ஃப்ளெக்ஸ். இடப்பக்கம் விஜய்ராஜ் கைகூப்பி நிற்கிறார், வலப்பக்கம் பாக்கியம் அம்மாள் சிறியதாகக் கைகூப்பி நிற்கிறார், நடுவில் செவ்வந்தி மாலை போட்ட மோட்டார். "உழைக்கும் கரங்களுக்கு ஆயுத பூஜை நல்வாழ்த்துகள்." மோட்டாரின் பித்தளைத் தகடு வெயிலில் மின்னுகிறது. அதில் பொறித்திருப்பதைச் சாலைக்கு எதிர்ப்புறமிருந்தே படிக்கலாம்: எங்கள் பேரூராட்சியின் பெயர், அடியில் "காலனிக் குடிநீர்த் திட்டம்".

ஒச்சாண்டியைக் கேட்டேன்.

"தகடு மேல யாரோ பச்ச பெயிண்ட அப்பி வச்சிருந்தாக சார். சாமிக்கு வைக்கிறத அழுக்கோடயா வைக்கிறது? மண்ணெண்ண ஊத்தித் தேச்சேன், பளபளன்னு வந்துருச்சு. எழுத்து மறையாமப் பார்த்து நாலு மூலையிலயும் பொட்டு வச்சேன். போட்டோ எடுத்த பய, 'அண்ணே, சூப்பரு'ன்னான்."

"ரொம்ப நல்லா வந்திருக்கு, ஒச்சாண்டி."

அச்சுக்குப் போகுமுன் அந்தப் படத்தை விஜய்ராஜ் பார்த்தார், எபனேசர் பார்த்தார், கட்சிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸில் யார் படம் பெரிது, யார் படம் யாருக்குப் பக்கத்தில் என்றுதான் பார்ப்பார்கள். எழுத்தை யாரும் படிப்பதில்லை. விஜய்ராஜ் தன் மூக்கு கறுப்பாக விழுந்திருப்பதாக மட்டும் குறைப்பட்டாராம்.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் அனுமந்தன்பட்டி வீட்டிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், ஃப்ளெக்ஸுக்கு முன்னால் கூட்டம். பூமாரியும் காலனிப் பெண்களும் காலிக் குடங்களை வரிசையாக வைத்து, ஃப்ளெக்ஸ் மோட்டாருக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். விஜய்ராஜின் ஆள் ஒருவன் மறித்தான்.

"ஏலே, தள்ளி நில்லு, சாமி கண்ண மறைக்காத," என்றார் பூமாரி. "எங்க மோட்டாரு. நேர்லதான் பார்க்க விடல, படத்துலயாச்சும் கும்பிட்டுக்கிறோம். தேங்காய எடுங்கடி."

உடைத்தார்கள். குமுளி பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் படம் எடுத்தார்கள். மாலைக்குள் மாவட்டம் முழுவதும் பார்த்துவிட்டது. ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டார்கள். மோட்டாரைக் கழற்றவில்லை.

அக்டோபர் 8, புதன்

மேலிடம் விழித்துக்கொண்டது. விசாரணைக்கு ஆணை வந்திருக்கிறது. விசாரிக்க வேண்டியவை: அரசு உடைமையின் படம் அனுமதியின்றி வெளியானது எப்படி? அலுவலகத் தகவல்கள் வெளியே போனது யாரால்? மோட்டார் எங்கே இருக்கிறது என்பது விசாரணையில் இல்லை. தெரிந்ததை எதற்கு விசாரிப்பது?

எபனேசர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். "மிஸ்டர் செல்வம், நீங்க சாட்சி. அந்தப் பொண்ணுதான் எல்லாத்தையும் வெளிய சொல்லுச்சுன்னு ஒரு வார்த்தை. உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துருச்சு."

"பார்க்கலாம் சார்," என்றேன். பயனுள்ள சொல்.

அக்டோபர் 10, வெள்ளி

உத்தமபாளையம் பஸ்ஸுக்கு நின்றிருந்த இவாஞ்சலின் என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, நீங்க எழுதுன பதில பூமாரி அக்கா காட்டுனாக. நல்லா எழுதியிருக்கீக. உள்குத்து எனக்குப் புரிஞ்சிருச்சு."

"புரியும்னு தெரியும்மா."

"எனக்குப் புரிஞ்சு என்னண்ணே பண்ண? உங்களுக்கு இங்கன எல்லாருமே முட்டாளாத் தெரியிறாக. அந்த முட்டாளுக உங்க பதில வச்சு என்ன பண்ணுவாகன்னு மட்டும் உங்களுக்குத் தெரியல."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார்.

என்ன பண்ணுவாக? ஒரு வாக்கியம். ஒத்த வாக்கியம்தான — நான் என்ன திருடுனேனா? மோட்டார நானா தூக்கிட்டுப் போனேன்? பொய் ஒண்ணு எழுதல, ஒண்ணே ஒண்ணு எழுதல. பிறகு எதுக்கு அந்தப் பிள்ள என்னய அப்பிடிப் பார்க்கணும்? — செவ்வாய்க்கிழமை விசாரணையில சொல்லிடுவேன். நையாண்டி, சுத்தி வளைக்கிறது ஒண்ணும் வேணாம். மோட்டார் தோட்டத்துல இருக்கு. நாலு வார்த்தைகூட இல்ல.

அக்டோபர் 14, செவ்வாய்

சொன்னேன்.

விசாரணை அலுவலர் முதலில் என் பதிலை எடுத்து வைத்துக்கொண்டார்.

"இது நீங்க எழுதுனதா?"

"ஆமாம் சார். ஆனால் மோட்டார் காலனியில் இல்லை. விஜய்ராஜின் திராட்சைத் தோட்டத்தில் இருக்கிறது."

"அப்ப இந்தப் பதில் பொய்யா?"

"பொய் இல்லை சார்."

"மோட்டார் நல்ல முறையில இயங்குதா?"

"இயங்குகிறது. தோட்டத்தில்."

"மனுவில தோட்டம்னு கேள்வி இருக்கா?"

"இல்லை."

"பொய்ன்னா சொல்லுங்க, பொய்த் தகவல் கொடுத்ததுக்கு உங்க மேல நடவடிக்கை எடுக்கணும். உண்மைன்னா, உண்மைன்னு எழுதிக்கிறேன். ரெண்டுல எது?"

ரீட்டாவின் முகமும் ஓய்வூதியமும் ஒன்றாக நினைவுக்கு வந்தன. எது முதலில் வந்தது என்று எழுத விருப்பமில்லை.

"உண்மை சார்."

தட்டச்சரிடம் திரும்பினார். "எழுதும்மா. மோட்டார் நல்ல முறையில் இயங்குவதைச் சாட்சி நேரில் உறுதி செய்தார்."

"தோட்டத்தில் என்று..."

"அது விசாரணை வரம்புக்குள்ள வராது."

பிறகு சாப்பாடு. தோட்டத்தில். கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நானும் போக வேண்டியிருந்தது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே இலை போட்டு ஆட்டுக்கறி. விசாரணை அலுவலர் எழுந்து, மோட்டார் இறைத்துக் கொட்டிக்கொண்டிருந்த தண்ணீரில் கை கழுவினார். "என்ன இப்பிடி ஜில்லுன்னு இருக்கு!" என்று முகத்தையும் கழுவினார். தகட்டின் மேல் மறுபடி பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள். இன்னும் காயவில்லை. அவர் சட்டைக் கையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது. விஜய்ராஜே மண்ணெண்ணெய் கொண்டுவந்து துடைத்துவிட்டார்.

அக்டோபர் 15, புதன்

ஒச்சாண்டிக்கு எழுத்துமூலம் எச்சரிக்கை. தேவைக்கு மேல் சுத்தம் செய்ததற்காக.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்து அலுவலகம். பூமாரிக்குத் திருத்திய பதில் ஒன்று தயாரித்தேன். மோட்டார் இருக்கும் இடம், சாலை, தோட்டக்காரர் பெயர் எல்லாம் பச்சையாக. முறைப்படி எபனேசர் பார்வைக்கு வைத்தேன்.

"பதில் குடுத்து முடிஞ்சது, மிஸ்டர் செல்வம். மாத்தணும்னா அந்தம்மா மேல்முறையீடு பண்ணணும்."

"மேல்முறையீட்டு அலுவலர்?"

"நான்தான்."

திருத்திய பதில் அவர் மேசை இழுப்பறைக்குள் போனது.

ரீட்டாவிடம் சொன்னேன். நான் முயன்றேன் என்பதற்கு ஒரு சாட்சியாவது வேண்டும் அல்லவா.

"எபனேசர் ரூமுக்கு எதுக்குப் போனீக? பூமாரி வீட்டுக்குப் போற வழி உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்தே போகலாம்.

நவம்பர் 12, புதன்

விசாரணை அறிக்கை வந்தது. ரகசியம் என்று போட்டிருந்ததால் எல்லோரும் படித்துவிட்டோம். "பொதுத் தகவல் அலுவலரின் எழுத்துப்பூர்வமான பதிலாலும் நேரடி வாக்குமூலத்தாலும் மேற்படி மோட்டார் நல்ல முறையில் இயங்கி வருவது ஐயத்துக்கிடமின்றி உறுதியாகிறது. எனவே பொறியாளரின் புகார் உள்நோக்கம் கொண்டது."

அதனுடன் இன்னோர் ஆணையும். தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடிக்காததால் இவாஞ்சலின் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். அதை அவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது தலைமை எழுத்தரின் வேலை.

"பேனா இருக்காண்ணே?" என்றார். கொடுத்தேன். ஆணையை முழுக்கப் படித்தார், தேதி போட்டார், கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். திட்டியிருந்தால் எழுத ஏதாவது இருந்திருக்கும்.

நவம்பர் 24, திங்கள்

புதிய இளநிலைப் பொறியாளர் முற்பகலில் பொறுப்பேற்றார். பிற்பகலில் மோட்டார் சான்றிதழில் கையெழுத்திட்டார். திட்டம் நிறைவடைந்துவிட்டதால், காலனிக்கு அனுப்பப்பட்டு வந்த தண்ணீர் லாரி நாளை முதல் நிறுத்தப்படுகிறது.